எடைச்சீட்டில் ஏறிய வரி

போன வாரம் நான் ஓய்வு பெற்றபோது எனக்கு மாலை போட்டு வழியனுப்பினீர்கள். மாலை கசங்குவதற்குள் உங்களில் ஒருவர் காபியும் கையுமாக வந்து கேட்டார்: "மேடம், நாம எழுதுற ப்ரோகிராமை எல்லாம் சும்மா நெட்ல போட்டுடறோம். யார் வேணாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம். அப்புறம் எவன் நமக்குக் காசு குடுப்பான்?" சம்பளம் ஒழுங்காக வருகிறவரை உனக்கென்ன கவலை என்று கிண்டல் செய்து அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது நியாயமான கேள்வி என்று பட்டது. எனக்கு அதற்கான பதில் எந்தக் கருத்தரங்கிலும் கிடைத்ததில்லை. சித்தூருக்கு வெளியே, மாங்காய் ஏற்றிய டிராக்டர்களுக்கு நடுவே, தலைகுனிந்து நின்ற ஒரு பிற்பகலில் கிடைத்தது. அதை உங்களிடம் இத்தனை நாள் நான் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

நான் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கம்ப்யூட்டரில் இங்கிலீஷ். என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராகத் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, முடி வளர்வதற்குள் அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த காலம் அது. நான் மட்டும் போகவில்லை. மண்ணை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே இருந்தேன் என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன், நம்பாதீர்கள். எனக்கு இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஆத்திரத்தில், கல்லூரியில் எனக்கு இளையவனான சீனுவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, சித்தூரில் ஓர் உரக்கடையின் மாடியில் ஓர் அறை பிடித்தேன். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வாடிக்கையாளர் ஒரு மாங்கூழ் ஆலை. கிளிமூக்கு மாங்காய் என்று உப்பு மிளகாய் தொட்டுத் தின்கிறீர்களே, அது எங்கள் பக்கம் லாரி லாரியாக ஆலைக்குப் போய்க் கூழாகி வெளிநாட்டுக்குக் கப்பலேறும். ஆலை வாசலில் எடைமேடை இருக்கும். ஊரில் அதைக் காட்டா என்பார்கள். டிராக்டர் சரக்கோடு ஏறும், காலியாகி மறுபடி ஏறும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மாங்காயின் எடை. அதைக் கணக்கிட்டுச் சீட்டு அச்சடித்துத் தருகிற ப்ரோகிராமைத்தான் நாங்கள் விற்றோம்.

எங்களுடையது என்று சொல்லித்தான் விற்றோம். உண்மையில் அதில் முக்கால் பங்கு யாரோ எழுதியது. எடை இயந்திரங்களிலிருந்து எண்ணைப் படிக்கிற ஒரு ப்ரோகிராமை, உலகத்தில் எங்கெங்கோ இருந்த சிலர் சேர்ந்து எழுதி, இந்தாருங்கள் என்று இணையத்தில் வைத்திருந்தார்கள். இலவசம். ஒரே ஒரு நிபந்தனை: மாற்றி இன்னொருவருக்குக் கொடுத்தால், மாற்றிய ப்ரோகிராம் வரிகளையும் கூடவே கொடுக்க வேண்டும். நாங்கள் அந்த நிபந்தனையைப் படித்தோம், படித்துவிட்டு மறந்தோம். வரிகள் வெளியே போனால் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்பது சீனுவின் கட்சி. நானும் அதே கட்சிதான்.

இனி வெட்கப்பட வேண்டிய பகுதி. மண்டிகளில் அந்தக் காலத்தில் டன்னுக்கு இத்தனை கிலோ என்று கழித்துக்கொள்வார்கள். காம்பு, இலை, அடிபட்ட காய் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். விவசாயிகளுக்கு அது வயிற்றெரிச்சல், ஆனால் கண்ணுக்கு முன்னால் நடப்பதால் சண்டையாவது போடலாம். எங்கள் ஆலையோ வாசலிலேயே பலகை வைத்திருந்தது: 'கம்ப்யூட்டர் எடை. கழிவு கிடையாது.' அதைப் பார்த்துத்தான் மண்டியை விட்டுவிட்டு டிராக்டர்கள் அங்கே திரும்பின. ப்ரோகிராமை வாங்கும்போது மேனேஜர் என்னைத் தனியாக அழைத்து, "சின்ன அட்ஜஸ்ட்மென்ட் மேடம், டன்னுக்கு முப்பது கிலோ உள்ளேயே போயிடணும். சீட்டுல தெரியக்கூடாது" என்றார். முதல் ஆர்டர். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்தக் கழிப்பை ஒரே வரியில் எழுதினேன், சுருக்கமாக முடிந்ததே என்று பெருமைகூடப் பட்டேன்.

சரக்கு கொண்டுவருகிறவர்களில் தேசப்பன் என்று ஒருவர். எங்கள் பக்கத்து எல்லைக் கிராமத்துத் தமிழர். அவருடைய அப்பா காலம் வரை அந்த வீட்டில் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது, கூலி வேலைதான். இவர் காலத்தில்தான் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து நிமிர்ந்திருந்தார். நெடுநெடுவென்று இருப்பார், எதையும் இரண்டு முறை பார்ப்பார். இரண்டாவது சீசனில் ஒருநாள் ஆலை வாசலில் என்னை நிறுத்தினார்.

"எம்மா, வர்ற வழியில வேறொரு காட்டாவுல போட்டுப் பாத்தேன். அங்க ஒரு எடை, இங்க ஒரு எடை வருது. நீதான கம்ப்யூட்டர் வெச்சது? காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணுவியா, மிஷினு பொய் சொல்லலன்னு?"

காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்கிற துணிச்சல் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. நிலத் தகராறு, திருட்டு, குடும்பச் சண்டை எல்லாமே அங்கே போய்த்தான் தீரும். நான் சிரித்துக்கொண்டே, "மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுண்ணா" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று போய்விட்டார். என் சாமர்த்தியத்தை நான் சீனுவிடம் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது.

மூன்றாவது சீசன். காய் வரத்து உச்சத்தில் இருக்கும்போது, பழைய எடை இயந்திரம் பழுதாகி ஆலையில் புதிதாக ஒன்றைப் பொருத்தினார்கள். அது அனுப்பிய எண்ணை எங்கள் ப்ரோகிராமால் படிக்க முடியவில்லை. திரை அப்படியே உறைந்து நின்றது. சாயங்காலம் வரை நானும் சீனுவும் முட்டி மோதினோம், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை டிராக்டர் வரிசை ஆலை வாசலைத் தாண்டி மெயின்ரோடுக்கு வந்துவிட்டது. காய் ஒன்றின்மேல் ஒன்றாக அழுந்திச் சூடேறிக்கொண்டிருந்தது. இரண்டு வெயில் தாண்டினால் அழுகல் என்று ஆலையே திருப்பி அனுப்பிவிடும். வரிசையில் மூன்றாவதாக நின்றது தேசப்பனின் டிராக்டர். அந்த வருடத்துக் குத்தகை முழுவதும் அதில் இருந்தது.

விவசாயிகள் யாரையும் உள்ளே விடாத எடைமேடை அறைக்கே அவர் அன்று வந்துவிட்டார். "மிஷினுல நெம்பரு தெரியுது இல்ல? அத ஒரு காய்தத்துல எழுதிக் குடுங்க. எறக்கிட்டுப் போய்க்கினே இருக்கோம்."

சரியான யோசனை. இயந்திரத்தின் முகப்பில் எடை பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தது. மேனேஜர் முடியவே முடியாது என்றார், கம்ப்யூட்டர் சீட்டு இல்லாமல் ஒரு காய்கூட உள்ளே வராது என்றார். ஏன் என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் அவரும் நானும் சீனுவும் மட்டும்தான். கையால் எழுதினால் உண்மையான எடையை எழுத வேண்டியிருக்கும். இத்தனை டிராக்டர்களும் வெயிலில் நின்றது கெட்டுப்போன ப்ரோகிராமால் அல்ல, நான் எழுதிய அந்த ஒரு வரியால்.

ஒரே வழிதான் இருந்தது. முக்கால் பங்கை எழுதியவர்களிடமே கேட்பது. சீனு கெஞ்சினான், நம் வரிகளைக் காட்டாமல் கேள் என்றான். காட்டாமல் கேட்டால் யார் கண்டுபிடிப்பார்கள்? ஃபோல்டரை அப்படியே ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எங்களுக்கு அப்போது இணையம் வேண்டுமென்றால் திருப்பதிக்குத்தான் போக வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் எனக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு வயதான தம்பதி, அமெரிக்காவில் இருக்கிற மகனுக்குக் கடைக்காரரைக் கொண்டு தெலுங்குக் கடிதத்தை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த ப்ரோகிராமை எழுதிய குழுவின் மின்னஞ்சல் முகவரிக்கு என் கோளாறை எழுதி, மாங்காய் வெயிலில் நிற்கிறது, தயவுசெய்து உதவுங்கள் என்று ஒரு வரி சேர்த்து, ஃபோல்டர் முழுவதையும் இணைத்து அனுப்பினேன். இவர்களுடைய நிபந்தனையை மீறி மூன்று வருடம் பிழைத்தவள் கேட்கிறேன். யார் பதில் போடப்போகிறார்கள்?

பத்து நிமிடத்தில் ஒருவர் இயந்திரத்தின் மாடல் என்ன என்று கேட்டார். இன்னும் சிறிது நேரத்தில் இன்னொருவர், இப்படி முயன்று பார் என்று எழுதினார். ஒரு மணி நேரம் ஆகவில்லை, மூன்றாமவர் முழுவதையும் திருத்தி அனுப்பிவிட்டார். அவர் ஊரில் அது தூங்குகிற நேரம் என்று கடிதத்தின் கடைசியில் மன்னிப்புக் கேட்பதுபோல் எழுதியிருந்தார், அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். என் முகம் அவர்களுக்குத் தெரியாது, ஆணா பெண்ணா என்று தெரியாது, சித்தூர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தூக்கத்தை விட்டு உட்கார்ந்து எங்கள் மாங்காய்க்காக வேலை பார்த்திருக்கிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது பக்கத்துப் பாட்டியம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார், எனக்கும் மகன் கடிதம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் போல.

அப்புறம்தான் கடிதத்தின் நடுப்பகுதியைப் படித்தேன்.

"இரண்டு கோளாறுகள் இருந்தன. முதலாவது நீங்கள் சொன்னது, சரிசெய்துவிட்டேன். இன்னொன்றையும் பார்த்தேன். ஓரிடத்தில் எடையிலிருந்து ஒரு பங்கு கழிகிறது, ஆனால் ரசீதில் அச்சாகவில்லை. விற்பவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். அதையும் அச்சிடும்படி செய்துவிட்டேன். உங்கள் மாங்காய்கள் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்."

என் மோசடியை ஒரு மனிதர் மறதி என்று நினைத்துப் பெருந்தன்மையாகத் திருத்திக் கொடுத்திருந்தார். அனுப்புகிற அவசரத்தில் அந்த வரியையும் சேர்த்து அவர்கள் படிப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. அன்று காலை வரை, மூன்று சீசனாக உறுத்தாமலே கிடந்த வரி அது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆலைக்குப் பேசினேன். சீனு எடுத்தான். விஷயத்தைக் கேட்டதும், "அக்கா, அந்த ஒத்த லைனை மட்டும் பழையபடி மாத்திடு. ரெண்டு நிமிஷ வேலை. எவரிகி தெலுசு?" என்றான். யாருக்குத் தெரியும் என்கிறான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்றால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

திரும்பி வருகிற பஸ் காணிப்பாக்கம் பிரிவில் நின்றது. தேங்காய்ப் பையோடு ஒரு குடும்பம் இறங்கியது. ஃப்ளாப்பி என் கைப்பையில் இருந்தது. பிள்ளையாரிடம் பயந்தேன் என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் அன்று நான் பயந்தது தூங்காமல் உட்கார்ந்திருந்த அந்த முகம் தெரியாத மனிதரிடம். அவர் திருத்தியதை நான் மறுபடி கெடுத்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. தெரியாது என்பதுதான் என்னைப் போட்டு வதைத்தது.

ஆலையில் இறங்கியபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. வந்த திருத்தத்தை வந்தபடியே ஏற்றினேன். திரை உயிர் பெற்றது, வெளியே டிராக்டர்கள் உறுமின. மேனேஜர் எனக்கு மோர் வரவழைத்தார். முதல் இரண்டு பேர் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். மூன்றாவது சீட்டு தேசப்பனுடையது. அவர்தான் எதையும் இரண்டு முறை பார்க்கிறவர் ஆயிற்றே.

"இன்னா இது? புச்சா ஒரு வரி கீது. கழிவுன்னு போட்டு நெம்பரு போட்டுக்கிது. போர்டுல கெடையாதுன்னு இல்ல எழுதி வெச்சிக்கிறீங்க?"

மேனேஜர் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் வெளிறியது, ஆனால் கெட்டிக்காரர், உடனே சுதாரித்துக்கொண்டார். "புது மிஷின் இல்லையாப்பா, தப்பா அடிக்குது. மேடம் சரி பண்ணிடுவாங்க" என்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆர்டரும் இருந்தது, அடுத்த சீசனும் இருந்தது, உரக்கடை மாடியின் வாடகையும் இருந்தது.

தேசப்பனும் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, மிஷினு தப்பா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"மிஷின் மேல தப்பு இல்லண்ணா. நான் எழுதினது. மூணு சீசனா உள்ளயே கழிஞ்சிக்கினு இருந்தது. இன்னைக்குத்தான் சீட்டுல வந்திருக்குது."

தேசப்பன் கத்துவார், கை நீட்டுவார் என்று நினைத்தேன். அவர் சீட்டை மெதுவாக மடித்தார்.

"மூணு வருசமா சொல்லாதவ, இன்னைக்கி இன்னாத்துக்குச் சொல்ற?"

"இன்னைக்கு வேற ஒருத்தர் அதைப் படிச்சிட்டார்."

"படிக்காம இருந்தா?"

நான் நல்லவளாகிவிட்டேன் என்று இந்தக் கதையை எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் எழுதியதை இன்னொருவர் பார்த்துவிட்டார், அதனால் உண்மையைச் சொன்னேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

வெளியே செய்தி டிராக்டர் டிராக்டராகப் பரவியது. கூச்சல் பெரிதாகவே, அன்று வந்த காயை எல்லாம் முகப்பில் எரிந்த எடைக்கே எடுத்துக்கொள்வதாக மேனேஜர் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தேசப்பனின் காய் அழுகவில்லை, இறங்கிவிட்டது. மறுநாள் எங்கள் ஒப்பந்தம் ரத்தானது. சீனு என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் விசா வந்து அவனும் போனான். விமான நிலையத்திலிருந்து போன் செய்து, "கோவம் இல்லக்கா, ஆனா பைத்தியக்காரத்தனம்" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த மழைக்காலம் முழுவதும் மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வேலை மட்டும் செய்தேன். அந்தக் குழுவுக்கு உண்மையை எழுதினேன். அது மறதி இல்லை, வேண்டுமென்றே எழுதியது, உங்கள் நிபந்தனையையும் மீறினேன் என்று எல்லோரும் படிக்கும்படி எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அதே மனிதர் எழுதினார். குற்றம் எதுவும் சொல்லவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. எடைமேடையில் நின்று வேலை பார்த்தவர் எங்களில் யாரும் இல்லை, ப்ரோகிராமில் அந்தப் பகுதியை இனி நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார். திருடியவளிடமே சாவியைக் கொடுக்கிற இவர்கள் எந்த ஊர் மனிதர்கள் என்று மலைத்துப் போனேன். பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதி, என் வரிகளை எல்லாம் யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தேன். போன வாரம் வரை பார்த்துக்கொண்டேன்.

அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன் இன்னொரு ஆலையின் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். கறாரான மனிதர், உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"உங்க ப்ரோகிராமை எவன் வேணாலும் சும்மா எடுத்துக்கலாமாமே? எங்க பையனே நேத்து எறக்கிட்டான். அப்புறம் உங்களுக்கு எதுக்கு நான் காசு குடுக்கணும்?"

இந்தக் கேள்வியை உங்களுக்கு முன்பே என்னிடம் கேட்டவர் அவர்தான். "ப்ரோகிராம் சும்மா சார். நான் சும்மா இல்ல" என்றேன். "டிராக்டர் ரோடு வரைக்கும் நிக்கும்போது உங்க பையன் யாரைக் கேப்பார்?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் உட்காரச் சொன்னார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். நகரிப் பக்கத்து விவசாயிகள் பலர் ஒன்றுகூடி, கணக்கு வெளியே தெரிகிற ப்ரோகிராம் இருக்கிற காட்டாவில்தான் சரக்கை ஏற்றுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். சீசனோ சில வாரங்கள், காய் வராவிட்டால் ஆலை சும்மா கிடக்கும். எனவே என்னை வைத்துக்கொள்வது அவருக்கு லாபம். அந்த வருடம் மூன்று ஆலைகள் வந்தன. ஊரில் இன்னொருவர் எங்கள் ப்ரோகிராமையே எடுத்துப் பாதி விலைக்கு விற்றார். அவர் சிக்கிக்கொண்டபோது உதவி கேட்டு வந்தது என்னிடம்தான், அதற்கும் கட்டணம் வாங்கினேன். எல்லோருக்கும் இப்படி விடியும் என்று சொல்லமாட்டேன். தூங்காமல் திருத்திக் கொடுத்த அந்த மனிதருக்கு அதனால் ஒரு பைசா கிடைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிகள் எல்லாம் அந்தச் சீட்டில் ஏறிய ஒரு வரியால் வந்தவை.

அந்தப் புதிய ஆலையில் சீசனின் முதல் நாள் தேசப்பன் டிராக்டரோடு வந்தார். சீட்டை வாங்கி, வழக்கம்போல் இரண்டு முறை பார்த்தார். நான் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணா, ஊர்க்காரங்ககிட்ட என் ப்ரோகிராமைச் சொன்னது நீங்கதான்னு கேள்விப்பட்டேன். உங்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. நானோ மூணு வருசம் ஏமாத்தினவ. எப்படி என்னை நம்பினீங்க?"

"உன்ன யாரும்மா நம்புனது?" என்றார் தேசப்பன், கோபமே இல்லாமல். "எனக்கு அதப் படிக்கத் தெரியாது, சரி. படிக்கத் தெரிஞ்சவன் எங்கனா ஒருத்தன் பாத்துக்கினு கீறான் இல்ல? நான் அவனத்தான் நம்புறன்."

சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு டிராக்டரில் ஏறினார்.